வாப்பாவுக்கு நான் போட்ட பூச்சியம்

மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நான் என்ன படிக்கிறேன் என்று உம்மா தன் இஷ்டத்துக்கு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். "எங்கட மகள் கொம்பியூட்டரில பாத்தே ஆருக்கு என்ன வருத்தம் வரும் எண்டு சொல்லிருவா." இதனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி வீடு போய்ச் சேர எனக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஒருவர் முழங்கால் வலிக்கு விளக்கம் கேட்பார். இன்னொருவர் தன் கணவருக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், எப்போது வரும் என்று கேட்பார், வந்தால் நல்லது என்கிற முகத்தோடு.

நான் செய்த வேலை உண்மையில் கலியாணத் தரகர் வேலை. எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளை பேசி வந்தால் மாப்பிள்ளையிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவன் எந்தத் தேத்தண்ணிக் கடையில் யாரோடு குந்தியிருக்கிறான் என்றுதான் விசாரிப்பார்கள். என் புரோகிராமும் அதைத்தான் செய்தது. ஒரு நோயை உண்டாக்குகிறவை என்று ஏற்கெனவே பிடிபட்ட மரபணுக்களை அதற்குக் காட்ட வேண்டும். பிடிபடாதவற்றில் எவை அவற்றோடு கூடித் திரிகின்றன, எவை அவற்றின் சாயலில் இருக்கின்றன, எவை உடம்பின் அதே இடத்தில் வேலை செய்கின்றன என்று அது பார்க்கும். பிறகு, சந்தேகம் கூடியது மேலே வரும்படி ஒரு பட்டியல் தரும். ஆனால் ஆயிரக்கணக்கான பேரைச் சந்தேகிக்க முடியாது. அதனால் இரத்தத்தோடு சேர்த்து அந்தக் குடும்பத்தின் வம்ச மரத்தையும் கேட்கும். ஒரே மரத்தில் இரண்டு பேருக்கு நோய் இருந்தால், ஒரே மூதாதையிடமிருந்து அந்த இரண்டு பேருக்கும் வந்திருக்கக்கூடிய துண்டுக்குள் மட்டும் கள்ளனைத் தேடும். மரம் பிழை என்றால் பட்டியலும் பிழை. இதை எனக்கு முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். நானும் கொப்பியில் எழுதி, கீழே சிவப்புக் கோடும் போட்டேன்.

நான் எடுத்துக்கொண்டது பிறவியிலேயே காது கேளாமை. அதற்குக் காரணம் என் தம்பி. அவனுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவான். அவனுடைய எழுத்தைப் பார்த்தால் கடைக்குள் இருக்கும் சாமானும் நல்லது என்று நம்பத் தோன்றும். அவன் பிறந்த அதே வருடம் மாமிக்கும், அதாவது வாப்பாவின் தங்கைக்கும், ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கும் கேட்காது. இந்த இரண்டு பேரும் நடக்கத் தொடங்குமுன்பே தங்களுக்கென்று ஒரு கைப்பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் நாங்கள் எல்லோரும் அதைப் படித்தோம்.

அந்தப் பாஷையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது. இடுப்பில் சாவிக்கொத்தைத் தட்டினால் மாமி. சாரனை உயர்த்திக் கட்டினால் வாப்பா. தோள் இரண்டிலும் பின்னல் வரைந்தால் மாமியின் மகள். கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு முகத்தை உம்மென்று வைத்தால் நான். கண்ணாடி போட்டதற்கு நான் சம்மதிக்கிறேன், அந்த முகத்துக்கு இன்றுவரை சம்மதிக்கவில்லை. மாமியின் மூத்த பிள்ளையான மகனுக்கு மீசையை முறுக்குவார்கள். அது அப்போது முளைக்கவே இல்லை. அவர்தான் எனக்குச் சின்ன வயதிலேயே பேசிவைத்த மச்சான்.

எங்கள் எல்லோரிலும் அந்தப் பாஷையை நன்றாகக் கதைத்தவர் மாமி. மாமா, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே மவுத்தாகிவிட்டார். அதனால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏச வேண்டிய முழுப் பொறுப்பும் மாமியிடம். மகனுக்கு வாயாலும் மகளுக்குக் கையாலும் ஒரே நேரத்தில் ஏசுவார். ஒன்றோடு ஒன்று குழம்பியதே இல்லை.

சுனாமி வந்த காலையில் மாமி வளவின் பின்பக்கம் கிணற்றடியில் நின்றார். வீடு கடலுக்குப் பக்கத்தில். மச்சான் சந்தைக்குப் போயிருந்தார். மகள் அறைக்குள் சுவரைப் பார்த்தபடி தையல் மெசினில் இருந்தாள். தண்ணீர் வேலிக்கு மேலால் வருவதைக் கண்டதும் மாமி யன்னலை நோக்கி ஓடினார். ஓடிக்கொண்டே மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பதினாறு வருடம் அவளோடு கையால் கதைத்தவர், அந்த நிமிடத்தில் வாயால் கூப்பிட்டார். மாமியைத் தண்ணீர் வாசலோரத்து ஒழுங்கைத் தெருவுக்குள் கொண்டுபோய் ஒரு மதிலில் சேர்த்தது. மகளை அடுத்த நாள்தான் கண்டெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு மாமி கைப்பாஷையை விட்டுவிட்டார். எங்கள் பின்வேலிக்கு அப்பால் கட்டிக் கொடுத்த புது வீட்டுக்கு வந்தபின், தம்பி ஒவ்வொரு நாளும் போய் அவர் முன்னால் நின்று கையை ஆட்டுவான். மாமி வாயால் பதில் சொல்வார், அல்லது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். உதட்டைப் பார்த்து அவன் விளங்கிக்கொள்வான். மாமி கதைக்கும்போது அவருடைய கை இரண்டும் முந்தானைக்குள் இருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

போர் முடிந்த வருடம், என் ஆராய்ச்சி ஒரு வழியாக நடக்கத் தொடங்கியிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் ஒரு அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி வந்து உட்கார்ந்தார். எனக்கும் மச்சானுக்கும் கலியாணம் முடிக்க உம்மா வீடு கட்டத் தொடங்கி, சுவர் பாதிக்கு எழும்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார்.

"புள்ள, உன்ட மெசினுக்கிட்ட ஒண்டு கேளு" என்றார் மாமி. "உங்க ரெண்டு பேருக்கும் பொறக்கிற புள்ளைக்குக் காது கேக்குமா?"

"மாமி, அது குறி சொல்ற மெசின் இல்ல."

"என்னெண்டாலும் கேளு. இன்னொரு புள்ளயக் கூப்பிட்டு, அது திரும்பாம நிக்கிறதப் பாக்க எனக்கு ஏலா. கேக்கும் எண்டாத்தான் இந்தக் கலியாணம். இல்லாட்டி உனக்கு வேற மாப்பிள பாக்கச் சொல்லி நானே உம்மாக்கிட்டச் சொல்றன்."

வேறு மாப்பிள்ளை என்று மாமி சொல்லி முடிக்குமுன்பே, கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை மச்சானை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அவர் போன் திருத்தும் கடைக்கு முன்னால் அத்தனை தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

ஊரில் காது கேளாத பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஏற்கெனவே போய் மரம் எழுதி வைத்திருந்தேன். இப்போது எங்கள் வீட்டையும் மாமி வீட்டையும் சேர்த்தேன். எங்கள் கரையில் வம்சத்தைக் குடி என்போம். பிள்ளைக்கு உம்மாவின் குடிதான். ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. பெண்கள் ஒருவரும் கடதாசி பார்க்காமல், இன்னாருடைய உம்மா இன்னார், அவருடைய உம்மா இன்னார் என்று ஏழு தலைமுறையை ஒரே மூச்சில் சொன்னார்கள். நான் எழுதி எழுதிக் கை களைத்தேன். இவ்வளவு ஆழமான மரம் உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரருக்கும் கிடைத்திருக்காது என்று எனக்குப் பெருமை வேறு.

புரோகிராம் ஒவ்வொரு ஆளுக்கும் தாய் யார், தகப்பன் யார் என்று கேட்கும். மரத்தில் உள்ள யாரோடும் உறவில்லாமல் கலியாணத்தால் வந்து சேர்ந்தவர் என்றால் இரண்டு இடத்திலும் பூச்சியம் போட வேண்டும். "வாப்பா ஆரு?" என்று நான் கேட்ட வீடுகளிலெல்லாம் ஒரே பதில்தான். "அவர் வேற குடி. இஞ்ச வந்தவர்." வந்தவர்தானே என்று வரிசையாகப் பூச்சியம் போட்டேன். ஆண் பிள்ளைகளோ கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் அவர்களைப் பிறந்த மரத்திலும் எழுதவில்லை. எங்கள் வீட்டு முறை வந்தபோதும் கை நிற்கவில்லை. நான் பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கதிரையை விட்டு எழும்பாத என் வாப்பாவுக்குத் தாய் பூச்சியம், தகப்பன் பூச்சியம்.

இரத்தம் எடுக்க ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் ஒரு மிஸ்ஸி வீட்டுக்கே வந்தார். தம்பி கையை நீட்டிக்கொண்டு சிரித்தான். மச்சான் கண்ணை இறுக்கி மூடிக் கலிமா சொன்னார். பிறகு, மயக்கம் வந்தது வெயிலால் என்றார். அறைக்குள் வெயில் இல்லை. இருந்தாலும் மீன் சந்தையிலிருந்து பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கொண்டுவந்து தந்தது அவர்தான். மூன்று தரம் கழுவியும் பெட்டியில் பாரை மீன் வாடை போகவில்லை.

அம்பாறை வீதியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். போர் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. என் பெட்டியை மோப்பம் பிடித்த சிப்பாய், மீனா என்று சிங்களத்தில் கேட்டு மூடியைத் திறந்தான். உள்ளே ஆறு சின்னக் குழாய்களில் இரத்தம். அவன் முகம் மாறியது. பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டி, எங்கள் வீட்டு ஆட்களுடைய இரத்தம், ஆராய்ச்சிக்கு, என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உளறினேன். அவன் என்னை விடச் சின்னவன். கடிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழாய்களைப் பார்த்தான். பிறகு மூடியை மெதுவாகப் பொருத்தி, கண்டி போகும்வரை ஐஸ் தாங்குமா என்று கேட்டான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியாமல்.

பட்டியல் வந்தது. எங்கள் வீட்டு மரத்தில் ஒரு மரபணு முதலாவதாக நின்றது. மகள் இல்லாததால் மாமியின் இரத்தத்தையும் மச்சானின் இரத்தத்தையும் மட்டும் வைத்துப் பார்த்த மாமி வீட்டு மரத்தில் முதலாவதாக நின்றது வேறொன்று. காது கேளாத பிள்ளை பிறக்க, ஒரே மரபணுவில் உள்ள பிழை தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வர வேண்டும். என்னிடம் ஒன்றும் மச்சானிடம் வேறொன்றும் இருந்தால் பயமில்லை. ஆசைப்பட்ட பதில் வந்தால் யாரும் இரண்டாம் தரம் கணக்குப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. பேராசிரியைக்குக் காட்டுமுன்பே உம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டேன். அன்று மாமி முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அடித்து வட்டிலப்பம் அவித்து ஒழுங்கை முழுவதும் அனுப்பினார். உம்மா மேசன்மாரைக் கூப்பிட்டு மற்றப் பாதிச் சுவரையும் எழுப்பச் சொன்னார்.

அடுத்த விடுமுறையில் அந்த இரண்டு மரங்களையும் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுபோய், எங்கள் வீட்டு மண்டபச் சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டினேன். பெருமைதான், வேறென்ன. தம்பி வேலை முடிந்து கையில் தூரிகையும் பெயின்ட் டின்னுமாக வந்தான். தாளில் ஒவ்வொரு பெயராக வாசித்தான். வாப்பாவின் பெயருக்கு வந்ததும் நின்று, மேலே விரலை ஓட்டினான். மேலே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சாரனை உயர்த்திக் கட்டி, கையை விரித்தான். வாப்பாவின் உம்மா எங்கே?

வெளியாள், என்று நான் வாசலைக் காட்டினேன்.

தம்பி சிரித்தான். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவனுக்குத் தெரியாது. உம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். அதற்குள் அவன் தூரிகையைச் சிவப்புப் பெயின்டில் தோய்த்து, எங்கள் தாளில் இருந்த வாப்பாவிலிருந்து மற்றத் தாளில் இருந்த மாமி வரைக்கும் ஒரு கோடு இழுத்தான். காக்காவும் தங்கச்சியும், அதாவது அண்ணனும் தங்கையும். நடுவில் உம்மா நோன்புப் பெருநாளைக்கு அடித்த வெள்ளைச் சுவரும் இருந்தது, அதன் மேலாலும் கோடு போனது. பிறகு உம்மாவையும், மாமியின் கணவரான மவுத்தாகிய மாமாவையும் இணைத்தான். அவர்களும் கூடப் பிறந்தவர்கள்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் மாற்றுக் கலியாணம். பிறகு சுவரில் மேலே இரண்டு வட்டம் வரைந்து, உம்மாவின் வாப்பாவையும் வாப்பாவின் உம்மாவையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக்கினான். கடைசியில் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு, மண்டையில் தட்டிக் காட்டினான்.

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாததல்ல. இரண்டு வீட்டிலும் தின்று வளர்ந்தவள் நான். ஆனால் மச்சான் வேறு குடி, வாப்பா வேறு குடி என்று காதில் விழுந்து விழுந்து, வேறு குடி என்றால் வேறு இரத்தம் என்று என் கை தானாகவே எழுதிவிட்டது. குடியைப் பார்த்துப் பார்த்து மச்சான் மச்சிக்குள்ளேயே கலியாணம் முடிக்கிற ஊரில், நான் ஒரு ஊர் வாப்பாமார் முழுப்பேரையும் அநாதையாக்கியிருந்தேன்.

பேராசிரியை ஒரு சிங்களப் பெண்மணி, ஏசத் தெரியாதவர். என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் ஆண்கள் தாய் இல்லாமல் பிறக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எல்லா மரங்களையும் திருத்தினேன். எங்கள் இரண்டு வீடும் ஒரே மரமானது. புதிய பட்டியலில் ஒரே ஒரு மரபணு முதலாவதாக வந்து நின்றது. அது பட்டியல்தான், சந்தேகம்தான். ஆய்வுகூடத்தில் அந்த மரபணுவை மட்டும் எடுத்து இரத்தத்தில் வாசித்தார்கள். தம்பிக்கு இரண்டு பிரதியிலும் பிழை. வாப்பா, உம்மா, மாமி, மூன்று பேருக்கும் ஒவ்வொன்று. மச்சானுக்கு ஒன்று. எனக்கு ஒன்று. இந்தத் தடவை புரோகிராம் சரியாகச் சொல்லியிருந்தது. எனக்கு அதைத் தூக்கி மகாவலி ஆற்றில் போட வேண்டும் போல் இருந்தது.

தின்று முடிந்த வட்டிலப்பத்தைத் திருப்பிக் கேட்கவா முடியும்? ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த பிறகு எல்லோரையும் மண்டபத்தில் இருத்தினேன். சிவப்புக் கோடு இன்னும் சுவரில் இருந்தது. முதலில் என் பிழையைச் சொன்னேன்.

"எனக்குப் பூச்சியமா?" என்றார் வாப்பா. "ஊட்டில நமக்கு அவ்வளவுதான் பெறுமதி எண்டு எனக்கு முந்தியே தெரியும். கொம்பியூட்டருக்கு இப்பதான் விளங்கியிரிக்கி."

உம்மாகூடச் சிரித்தார். பிறகு மற்றதைச் சொன்னேன். எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நாலில் ஒரு பங்கு, காது கேளாமல் போகலாம்.

"மூணு பங்கு நம்மட பக்கந்தானே" என்றார் வாசலில் நின்ற மச்சான்.

"வாய மூடு" என்றார் மாமி. "நான் அண்டைக்கே சொன்னன். என்னால ஏலா புள்ள. உன்னில கோவமில்ல." சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

தம்பி உதடுகளைப் பார்க்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தால் அவனுக்குப் பிடிபடாது. என் தோளைத் தட்டி, என்ன, என்று கேட்டான். நான் யோசிக்காமல் கையைத் தூக்கினேன். குழந்தையைத் தாலாட்டிக் காட்டினேன். அதற்கு மேல் சொல்ல வந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் கைப்பாஷையில் காது கேளாமைக்கு ஒரு சொல் இல்லை. இரண்டு பிள்ளைகள் தங்களுக்காக உண்டாக்கிய பாஷை. அவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவே இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் அவனைத்தான் காட்ட வேண்டும். காட்டினேன். பிறகு கலியாணம் இல்லை என்று கையை வீசினேன்.

அவன் என் விரல் காட்டிய இடத்தை, தன் நெஞ்சை, குனிந்து பார்த்தான். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நேரங்கள் பல உண்டு. அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

அவன் வாசலுக்குப் போய் மாமியை மறித்து நின்றான். தன்னைக் காட்டினான். தோள் இரண்டிலும் பின்னல் வரைந்தான். மாமி முகத்தைத் திருப்பப் போனார், அவன் விடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து, தலையைச் சாய்த்துக் கேட்டான். நாங்கள் பிறந்து வந்தது கூடாதா?

மாமியின் சாவிக்கொத்து கீழே விழுந்தது. முந்தானைக்குள்ளிருந்து கை இரண்டும் வெளியே வந்தன. ஐந்து வருடத்துக்குக் கிட்ட அந்தக் கைகள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மெதுவாகத் தன் தோள் இரண்டிலும் பின்னல் வரைந்தார். தம்பியின் நெஞ்சில் கையை வைத்தார். குழந்தையைத் தாலாட்டினார். பிறகு விரல்களை உள்ளே மடக்கி மடக்கி, மகளைச் சாப்பிடக் கூப்பிடும்போது காட்டுவது போல, வா, வா என்று காட்டினார். அழுதுகொண்டே காட்டினார். தாலாட்டுவதற்கு அவர் இடது கையை மேலே வைத்தது பிழையாம். தம்பி அந்த நேரத்திலும் விடாமல் பிடித்துத் திருத்திவிட்டான்.

உம்மா சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். "மறுகா என்ன, ஊட்டுக்குப் பூச்சுப் பூசட்டா?" என்றார். மாமி ஓம் என்று கையாலேயே சொன்னார்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மாலையில் படிக்கக் கூப்பிட்டால் இரண்டு பேருமே திரும்புவதில்லை. அதற்கு நியாயமான காரணம் சின்னவளுக்கு மட்டும்தான் இருக்கிறது. அவள் நடக்கத் தொடங்கியபோது மச்சான் ஒவ்வொரு அறையிலும் வளவிலும் ஒரு பல்ப் பூட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சுவிட்சை மாமி உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். மாமி அதைத் தட்டினால் வீடு முழுவதும் மின்னும், சின்னவள் எங்கே நின்றாலும் திரும்பிப் பார்ப்பாள். பட்டப்பகலில் எங்கள் வீடு மின்னுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டார் இரண்டு தரம் மின்சார சபைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமி ஒரு நாளைக்கு எத்தனை தரம் தட்டுவார் என்று நான் எண்ணுவதில்லை. சின்னவள் விளையாட்டை விட்டுவிட்டுத் திரும்பி, என்ன, என்று கையால் கேட்பாள். ஒன்றுமில்லை, சும்மா, என்று மாமி கையைக் காட்டுவார். அவள் திரும்பவும் விளையாடப் போவாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாமி மறுபடி சுவிட்சைத் தட்டுவார்.